ஒரு வாளி வெந்நீருக்கு எத்தனை மலைக்கோட்டை?

(ஆற்றலின் வடிவங்களும் மாற்றங்களும் குறித்துத் திருச்சியில் பொதுமக்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆற்றல் என்றால் வேலை செய்யும் திறன் என்று இங்கே முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். இயக்க ஆற்றல், நிலை ஆற்றல், வெப்பம், ஒளி, மின்சாரம், வேதி ஆற்றல், அணுக்கரு ஆற்றல் என்று வகைகளையும் வரிசையாக ஒப்பிப்பார்கள். ஒன்று மற்றொன்றாக மாறும் என்பதும் தெரியும். ஆனால் எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள், படித்த பெரியவர்களே தடுமாறுவார்கள். வகைகளின் பெயர் தெரிந்து அளவு தெரியாமல் இருப்பது அரைகுறை அறிவு. அதனால் இன்று அளவிலிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டுக்கு மின் கணக்கு எடுக்க வருபவர் இத்தனை யூனிட் என்று குறித்துவிட்டுப் போகிறாரே, அந்த ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். இந்த எண் மனத்தில் ஒட்டாது. நம் ஊர் மலைக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். பாறையின் உயரம் 83 மீட்டர். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அடிவாரத்திலிருந்து உச்சிப் பிள்ளையார் சந்நிதிக்கு ஏறினால், தம் உடலை அவ்வளவு உயரம் தூக்கிய வேலை ஏறக்குறைய 49,000 ஜூல். 36 லட்சத்தை 49,000-ஆல் வகுத்துப் பாருங்கள். எழுபத்து மூன்று முறைக்கு மேல் ஏறினால்தான் ஒரு யூனிட். தசை, தான் எரிக்கும் உணவில் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும்; மீதி உடல் சூடாகவும் வியர்வையாகவும் போய்விடும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஒரு முறை ஏறுவதற்கு ஓர் இட்லி போதும்.

இப்போது குளியலறைக்கு வாருங்கள். ஒரு வாளியில் 20 லிட்டர் தண்ணீர். அதை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். இதற்கு ஏறக்குறைய 16 லட்சத்து 70 ஆயிரம் ஜூல் ஆகிறது. அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. மலைக்கோட்டைக் கணக்கில் சொன்னால் முப்பத்து நான்கு முறை உச்சிக்கு ஏறும் வேலை, ஒரு வாளி வெந்நீருக்குள் அடங்கியிருக்கிறது.

பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். வேலையும் வெப்பமும் ஒரே பொருளின் இரு வடிவங்கள் என்பதை மனிதன் கண்டுபிடிக்க இவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணமும் இதுதான். பாடுபட்டு உழைத்தாலும் அதனால் உண்டாகும் வெப்பம் கைக்குத் தெரியாத அளவு சிறியது. அதனால் வெப்பம் என்பது தனியொரு திரவம், சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு ஒழுகுகிறது என்றே பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிய அறிஞர்கள் பலரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையில் முதல் பெரிய விரிசலை உண்டாக்கியவர் அமெரிக்காவில் பிறந்து பவேரிய அரசில் பணியாற்றிய ரம்ஃபோர்டு. மியூனிக் நகரில் பீரங்கிக் குழல்களைத் துளையிடும்போது உலோகம் பழுக்கச் சூடாவதைப் பார்த்தார். வேண்டுமென்றே மழுங்கிய துளைக்கருவியைப் பொருத்தி, பீரங்கியைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி அமைத்து, குதிரைகளைக் கொண்டு சுழற்றச் செய்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. அடியில் நெருப்பு இல்லை. சுற்றி நின்றவர்கள் திகைத்துப்போனார்கள். 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதினார். குதிரை சுற்றச் சுற்ற வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது; ஒரு பொருளுக்குள் அடைந்துகிடக்கும் திரவம் என்றால் என்றைக்காவது தீர்ந்திருக்க வேண்டுமே என்பது அவர் வாதம். அதே கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு குறிப்பையும் வைத்தார். இப்படி வெப்பம் உண்டாக்குவது சிக்கனமான வழியல்ல, குதிரைக்குப் போடும் தீவனத்தை நேரே எரித்தாலே இதைவிட அதிக வெப்பம் கிடைக்கும் என்றார். இந்தக் குறிப்பை மறந்துவிடாதீர்கள். நம் வீட்டுக் குளியலறைக்கு அது மிகவும் தேவைப்படும்.

அடுத்து வந்தவர் ஒரு மருத்துவர். ஜெர்மனியின் ஹைல்பிரான் ஊரைச் சேர்ந்த ராபர்ட் மேயர். 1840-இல் கப்பல் மருத்துவராக டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவுக்குப் போனார். சுரபாயா துறைமுகத்தில் மாலுமிகளுக்குச் சிரை ரத்தம் எடுத்தபோது, அது தமனி ரத்தம் போலச் செக்கச்செவேல் என்று இருந்தது. வெப்ப நாடுகளில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அதிகம் எரிக்க வேண்டியதில்லை, ஆகவே ரத்தத்தில் ஆக்சிஜன் செலவாகாமல் மிஞ்சுகிறது என்று எண்ணினார். அங்கிருந்து ஒரே தாவல். உண்ட உணவு உடல் சூடாகவும் ஆகிறது, உடல் உழைப்பாகவும் ஆகிறது. அப்படியானால் சூடும் உழைப்பும் ஒன்றுக்கொன்று கணக்குத் தீர்க்கக்கூடியவை. 1842-இல் இதை அச்சில் வெளியிட்டார். பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த துயரும் புறக்கணிப்பும் சேர்ந்து அவர் மனம் உடைந்துபோனது. ஆனாலும் 1871-இல் ராயல் சொசைட்டியின் காப்ளே பதக்கம் தேடி வந்தபோது அவர் உயிரோடு இருந்தார் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

மேயர் கண்டுகொண்டதை அசைக்க முடியாததாக்கியவர் ஜேம்ஸ் ஜூல். பேராசிரியர் அல்ல, மாஞ்செஸ்டர் அருகே சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் தொழில் நடத்திய குடும்பத்துப் பிள்ளை. அவர் செய்த சோதனையை எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் புரிந்துகொள்ளலாம். செம்புப் பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் சுழலும் துடுப்புச் சக்கரம், சக்கரத்தோடு கயிற்றில் கட்டிய இரண்டு எடைக்கற்கள். ஒவ்வொரு கல்லும் ஏறக்குறைய 13 கிலோ. கற்கள் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம் இறங்கும். இறங்கும்போது சக்கரம் தண்ணீரைக் கலக்கும். மறுபடி மேலே சுற்றி ஏற்றி, மறுபடி இறக்கி, இப்படி இருபது முறை. முடிவில் தண்ணீர் எவ்வளவு சூடாயிற்று தெரியுமா? ஒரு பாரன்ஹீட் டிகிரிகூட இல்லை, அதில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்தச் சின்ன ஏற்றத்தை அளக்க, டிகிரியில் இருநூறில் ஒரு பங்கைப் படிக்கும் வெப்பமானி வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் உடல்சூடு கெடுக்கக்கூடாது, காற்று கெடுக்கக்கூடாது, பாத்திரத்தின் வெப்பத்தைக் கழிக்க வேண்டும். இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்து அவர் பெற்ற விடை, 1 பவுண்டு தண்ணீரை 1 பாரன்ஹீட் டிகிரி சூடாக்க, 772 பவுண்டை ஓரடி உயரம் தூக்கும் வேலை வேண்டும் என்பது. இன்றைய அளவில் ஒரு கலோரிக்கு 4.18 ஜூல். பிஸ்கட் பொட்டலத்தில் கலோரியும் மின் அட்டையில் யூனிட்டும் வேறு வேறு பெயரில் இருந்தாலும் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடலாம் என்ற துணிச்சல் நமக்கு அங்கிருந்து வந்தது.

யோசனையில் மேயர் முந்தினார், அளவையில் ஜூல் வென்றார். இருவரில் ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் ஜூலைத்தான் சொல்வேன். எண் இல்லாத யோசனையை யாரும் எளிதாக மறுத்துவிடலாம். பல வழிகளில் அளந்தும் அதே இடத்தில் வந்து நிற்கும் எண்ணை மறுக்க முடியாது. துடுப்புச் சக்கரத்தில் கிடைத்த எண்ணும், மின்சாரத்தால் சூடாக்கியபோது கிடைத்த எண்ணும், காற்றை அழுத்தியபோது கிடைத்த எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நின்றன. 1847 ஏப்ரலில் மாஞ்செஸ்டரில் ஒரு தேவாலய வாசகசாலையில், இதுபோலவே பொதுமக்கள் முன்னிலையில், ஜூல் தம் முடிவைச் சொற்பொழிவாக விளக்கினார். எரிநட்சத்திரம் ஏன் எரிகிறது என்பதையும் அன்று சொன்னார்: விரைந்து வரும் கல்லின் இயக்கம் காற்றோடு மோதி வெப்பமாகிறது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அந்த உரையை முழுமையாக அச்சிட்டது. அதே ஆண்டு ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் மாறா விதியைக் கணித வடிவில் வெளியிட்டார். ஜூலின் கல்லறையில் 772.55 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஆற்றல் மாறா விதியின் உறுதியைக் காட்ட ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். 1920களில் பீட்டாச் சிதைவு என்னும் அணுக்கரு நிகழ்வில் ஆற்றல் கணக்கு உதைத்தது. வரவு ஒன்றாகவும் செலவு குறைவாகவும் இருந்தது. நீல்ஸ் போர் போன்ற மேதையே, அணுவுக்குள் இந்த விதி செல்லாமல் போகலாம் என்று நினைக்கத் தொடங்கினார். 1930-இல் இயற்பியலாளர் பவுலி மறுத்தார். கண்ணுக்கும் கருவிக்கும் தெரியாத ஒரு துகள் மீதியை எடுத்துக்கொண்டு போகிறது என்றார். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து 1956-இல் அந்தத் துகள், நியூட்ரினோ, சோதனையில் பிடிபட்டது. 1965-இல் நம் பக்கத்திலுள்ள கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயம் கிடைத்தது. கணக்கு இடித்தபோது விதியை நம்பித் துகளைத் தேடினார்கள், துகள் கிடைத்தது.

சரி, ஆற்றல் அழியாது, புதிதாகவும் பிறக்காது. அப்படியென்றால் ஒரு கேள்வி எழ வேண்டும். அழியாத ஒன்றை ஏன் சிக்கனமாகச் செலவிடச் சொல்கிறார்கள்? மாணவர்கள் இதைக் கேட்க வேண்டும், பெரும்பாலும் கேட்பதில்லை. இன்று நான் சொல்ல வந்ததே இதற்கான விடையைத்தான்.

காவிரியிலிருந்து தொடங்குவோம். கடல்நீரைச் சூரியன் ஆவியாக்கித் தூக்குகிறது, மழையாகக் குடகு மலையில் விழுகிறது, மேட்டூரில் தேங்கி நிற்கிறது. அங்கே அது நிலை ஆற்றல். அணை நிரம்பி 120 அடி நிற்கும்போது, அவ்வளவு உயரமும் விழுவதாக வைத்துக்கொண்டால், 10,000 லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு லாரித் தண்ணீர், ஒரு யூனிட் தரும். நம் ஒரு வாளி வெந்நீருக்கு மேட்டூரில் ஏறக்குறைய அரை லாரித் தண்ணீர் விழுந்தாக வேண்டும். நீலகிரியில் 1932-இல் தொடங்கிய பைக்காராவில் உயரம் ஏறக்குறைய 900 மீட்டர் என்பதால், அங்கே ஒரே டன் தண்ணீர் இரண்டு யூனிட்டுக்கு மேல் தரும். கோவையின் பஞ்சாலைகளை ஓட்டியது அந்த உயரம்தான். விழும் நீரின் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு வரை நல்ல டர்பைனும் ஜெனரேட்டரும் மின்சாரமாக்கிவிடும். டர்பைனே இல்லாமல் நீர் பாறையில் விழுந்தால் என்ன ஆகும்? ஜூல் சொன்னபடி அத்தனையும் சூடாகும். 427 மீட்டர் விழுந்தால் நீர் ஒரே ஒரு டிகிரி சூடாகும். அந்த ஒரு டிகிரியை யாரும் திரும்பப் பிடித்து மின்சாரமாக்க முடியாது. ஆற்றலின் அளவு குறையவில்லை. ஆனால் இனி யாருக்கும் உதவாது.

இப்போது நிலக்கரிக்கு வருவோம். இந்த ஊரில் இதைப் பேசாமல் எங்கே பேசுவது? திருவெறும்பூரில் 1960களில் எழுந்த பெல் ஆலையில் உருவான பாய்லர்கள் இந்தியாவின் எத்தனையோ அனல்மின் நிலையங்களில் எரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றவைத்து உருவாக்கிய கைகள் இந்த அவையிலும் இருக்கும். அவர்களுக்குப் பெருமையோடு ஒன்று சொல்கிறேன். நிலக்கரியில் 100 பங்கு வேதி ஆற்றல் இருந்தால், பாய்லர் அதில் 85 பங்குக்கு மேல் நீராவியில் ஏற்றிவிடுகிறது. கடைசியில் இருக்கும் ஜெனரேட்டரோ, தன்னிடம் சுழற்சியாக வருவதில் நூற்றுக்கு 98 பங்கை மின்சாரமாக்கும். இரண்டு முனையிலும் இவ்வளவு திறமை. ஆனாலும் நிலையத்தைவிட்டு வெளியே போகும் மின்சாரம் 35 பங்கு அளவுதான். நடுவில் என்ன நடந்தது?

கண்டென்சரில் நடந்தது. டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை மறுபடி தண்ணீராக்கியாக வேண்டும். அப்போது ஏறக்குறைய பாதி ஆற்றல் குளிர்நீருக்குப் போய்விடுகிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் ஆவியும், தூத்துக்குடியில் கடலுக்குத் திரும்பும் வெதுவெதுப்பான நீரும் அந்தப் பாதிதான். அணுமின்சாரத்திலும் இதே கதை. கூடங்குளத்தில் 1000 மெகாவாட் மின்சாரம் எடுக்க அணு உலை 3000 மெகாவாட் வெப்பம் தர வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு கடலுக்கு. இது பொறியாளரின் குறையல்ல. 1824-இல் சாதி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் கண்டுசொன்ன வரம்பு. நீராவி 540 டிகிரி, குளிர்நீர் 40 டிகிரி என்றால், உராய்வே இல்லாத கற்பனை இயந்திரம்கூட 61.5 சதவீதத்தைத் தாண்டாது. உண்மையான இயந்திரம் அதற்கும் கீழேதான் நிற்கும்.

ஏன் இப்படி? ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் இழுக்கும்போது ஆயிரம் பேரும் ஒரே திசையில் இழுக்கிறார்கள், தேர் நகர்கிறது. தேர் நிலைக்கு வந்தபின் அதே ஆயிரம் பேர் கடைவீதியில் ஆளுக்கொரு பக்கம் நடக்கிறார்கள். நடை குறையவில்லை, ஆனால் அந்த நடையால் தேர் நகராது. விழும் நீரிலும் சுழலும் சக்கரத்திலும் மூலக்கூறுகள் ஒரே திசையில் சேர்ந்து போகின்றன. வெப்பத்தில் அவை ஆளுக்கொரு பக்கம் துள்ளுகின்றன. ஒழுங்கைக் கலைப்பது எளிது. அது நூற்றுக்கு நூறு நடக்கும். கலைந்ததை முழுமையாக ஒழுங்குபடுத்த வழியே இல்லை. 1865-இல் இயற்பியலாளர் கிளாசியஸ் இந்தக் கலைவின் அளவுக்கு என்ட்ரோபி என்று பெயரிட்டார். நாம் தீர்த்துக்கொண்டிருப்பது ஆற்றலை அல்ல, அதன் ஒழுங்கை.

வீட்டில் ஓடும் மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். விசிறி காற்றை நகர்த்துகிறது, அந்தக் காற்று சுவரில் மோதி அடங்குகிறது, எல்லாம் சூடாகிறது. பூட்டிய அறையில் விசிறியை ஓடவிட்டுப் போனால் அறை குளிராது, சற்றே சூடேறும். பழைய குண்டு பல்பு தின்ற மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே ஒளியாயிற்று. 60 வாட் குண்டு பல்பின் வேலையை இன்று 9 வாட் எல்இடி செய்கிறது. நம் தலைமுறையில் சாதாரண மக்களின் கைக்கு வந்த ஆற்றல் மாற்றங்களில் இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

இப்போது ரம்ஃபோர்டின் குதிரைகளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நிலக்கரியை எரித்து வெப்பம் உண்டாக்கி, அதில் பெரும்பகுதியைக் காற்றிலும் கடலிலும் விட்டுவிட்டு, மிஞ்சிய 35 பங்கை மின்சாரமாக்கி, கம்பிகளில் அனுப்பும்போது மேலும் கொஞ்சம் இழந்து, வீட்டுக்கு வந்து சேரும் 30 பங்கை என்ன செய்கிறோம்? கெய்சரில் விட்டு மறுபடி வெப்பமாக்குகிறோம். வெப்பத்தில் தொடங்கி வெப்பத்தில் முடிகிறோம். இடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இந்திய நிலக்கரி 600, 700 கிராம் எரிகிறது. ஒரு வாளி வெந்நீருக்கு ஏறக்குறைய 300 கிராம். கெய்சரின் நட்சத்திரக் குறியீடு எத்தனை இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் இழப்பு நடந்தது கெய்சரில் அல்ல.

சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் வெப்பத்தின் வழியாக வருவதில்லையே, அவற்றுக்கு இந்தக் குறை உண்டா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது முப்பந்தல் காற்றாலைகள் நேரே இயக்க ஆற்றலை மின்சாரமாக்குகின்றன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் வந்துவிட்டது. அவற்றுக்குக் கார்னோவின் டர்பைன் வரம்பு இல்லை. ஆனால் நாம் குளிப்பது விடியற்காலையில். அப்போது சூரியத் தகடு இன்னும் விழிக்கவில்லை. காற்று தன் பருவத்தில்தான் வீசும். அந்த நேரத்துத் தேவையில் பெரும்பங்கைச் சுமப்பது இன்னமும் நிலக்கரிதான்.

நேரத்தைச் சமாளிக்க ஒரு வழி உண்டு, அதற்குத் தமிழ்நாட்டிலேயே அழகான எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆனைமலைத் தொடரில் காடம்பாறை. மலைப்பாறைக்குள் குடைந்து அமைத்த மின்நிலையம், நூறு மெகாவாட்டாக நான்கு அலகுகள், 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. தேவை அதிகமான நேரத்தில் மேலே காடம்பாறை நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் கீழே மேல் ஆழியாறுக்கு இறங்கி மின்சாரம் தரும். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அதே இயந்திரங்கள் பின்னோக்கிச் சுழன்று அந்தத் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும். இப்படிப்பட்ட நிலையங்களில் நான்கு யூனிட் செலவழித்தால் மூன்று யூனிட் அளவே திரும்பி வரும். ஒரு யூனிட் போகிறதே, இது வீண் அல்லவா? அல்ல. உச்சிவெயிலில் யாருக்கும் வேண்டாமல் மிஞ்சும் நான்கு யூனிட்டைவிட, விளக்கு வைக்கும் நேரத்தில் கைக்கு வரும் மூன்று யூனிட் மேலானது. இழப்பு எல்லாமே வீண் என்று நினைப்பது தவறு. எதற்காக இழக்கிறோம் என்று பார்க்க வேண்டும். மின்சாரம் மிக உயர்ந்த ஒழுங்குள்ள வடிவம். மோட்டாரைச் சுழற்ற, விளக்கெரிக்க, ரயிலை இழுக்க, கணினியை இயக்க, மருத்துவமனையின் கருவிகளை ஓட்ட அதற்கு நிகர் எதுவும் இல்லை. அந்த வேலைகளுக்காகக் கண்டென்சரில் பாதியை இழந்தாலும் தகும். குளிக்கும் தண்ணீருக்கு 45 டிகிரி போதும். அந்த அற்ப வெப்பத்துக்காக 540 டிகிரி நீராவியின் உழைப்பைக் கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடியில் இரண்டு சதுர மீட்டர் சூரிய வெந்நீர்ச் சாதனம், தன்மேல் விழும் வெயிலில் பாதி அளவை நேரே வெந்நீராக்கி, நாளொன்றுக்கு 100 லிட்டர் தரும். வெப்பம் வெப்பமாகவே வருகிறது. நடுவில் மாற்றம் ஏதுமில்லை. பகலில் சூடான நீரை உறையிட்ட தொட்டி மறுநாள் காலை வரை சூடு ஆறாமல் வைத்திருக்கும். புது வீடு கட்டுகிறவர்கள் மாடியில் அதற்கு இடம் விட்டு, குளியலறைக்கு வெந்நீர்க் குழாயைச் சுவர் பூசுமுன்பே பதித்துவிடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாளியில் பாதி குறைத்துக்கொண்டாலும் கணக்கு பாதியாகும். மாணவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கெய்சர் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள். எத்தனை மலைக்கோட்டை என்று நீங்களே வகுத்துச் சொல்லிவிடலாம். மின்சாரத்தை அதன் வேலைக்கு விடுங்கள். வெந்நீரைச் சூரியனிடம் கேளுங்கள்.